இரண்டு வட்டம் கமம்பேர்

மூன்றாவது உதையில் கதவின் மேல்தாழ்ப்பாள் திருகாணியோடு கழன்று விழுந்தது.

செல்வநாயகி சாப்பாட்டு மேசையை இடுப்பால் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். பொலிசுக்கு 111 அடித்து ஹில்ஸ்பரோ விலாசத்தைச் சொல்லியாகிவிட்டது. ஆட்கள் வருகிறார்கள், இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்றது ஒரு பெண்குரல். ஸ்பீக்கரைப் போட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

வருவார்கள். அதுவரை கதவு தாங்க வேண்டுமே!

"துவாய் அலுமாரிக்குள்ள போ பிள்ளை. மூச்சுக் காட்டாதை."

நிருஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

ஐந்து மாதம். அது தன் பிள்ளையே இல்லை என்பது புருசன் தனோஜனின் வாதம். நேற்று முன்தினம் அந்த வயிற்றைப் பார்த்துத்தான் காலைத் தூக்கினான். அவள் திரும்பிக்கொண்டதால் உதை இடுப்பில் விழுந்தது. அடுத்தது தவறாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அவன் கார் தெருமுனை திரும்பியதும் நிருஜா பக்குரங்காவில் பஸ் ஏறி நேரே இங்கே வந்தாள். அவன் கடைசியாகச் சந்தேகப்படும் வீடு இதுதான் என்பது அவள் கணக்கு.

கணக்கு சரிதான். கெடுத்தது செல்வநாயகி.

ஈஸ்ட் டாமாக்கியில் அவள் வேலை செய்யும் சீஸ் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைகளில், வடிவம் கெட்ட கமம்பேர் சீஸ் வட்டங்களை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சேர்ந்த நாளிலிருந்து செல்வநாயகி ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. வெள்ளைப் பூஞ்சணம் போர்த்த அந்த மெத்தென்ற சாமான் அவள் மூக்குக்கு நனைந்த சாக்கு. இன்றைக்கு இரண்டு வட்டம் எடுத்துப் பைக்குள் போட்டாள். பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுக் கேட்டாளே!

அதே தொழிற்சாலையில், பெட்டி கட்டும் பகுதியில் நின்ற தனோஜன் அதைப் பார்த்துவிட்டான்.

"நாத்தமெண்டு மூக்கைப் பொத்துற கிழவிக்கு ரெண்டு வட்டம் சீஸ் என்னத்துக்கு?" கதவுக்கு வெளியே சிரித்தான். "அவளுக்குத்தானே? அனுப்பு வெளியில!"

செல்வநாயகி மேசையை இன்னும் இறுக்கித் தள்ளினாள்.

புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் மார்கரெட் ஒரு கதை சொல்வாள். பிரான்சில் புரட்சி நடந்த காலம். கழுத்தைத் தேடிக் கத்தி வர, ஒரு பாதிரியார் ஓடிப்போய் ஒரு பண்ணைக்காரியின் வீட்டில் ஒளிந்தாராம். ஒளித்து வைத்தவளுக்குத் தன் ஊர்ச் சீஸின் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். அப்படிப் பிறந்ததுதான் கமம்பேராம். மெய்யோ கட்டுக்கதையோ, செல்வநாயகியின் மனதில் நின்றது ஒன்றுதான். தேடி வந்தவனுக்கு அந்தப் பொம்பிளை கதவைத் திறக்கவில்லை.

உதை நின்றது.

"நான் ஒண்டும் செய்யமாட்டன். சும்மா கதைக்கத்தான் வந்தனான்." குரல் தேனாக இருந்தது.

அந்தத் தேனை அவளுக்குத் தெரியும். முதலில் உதைப்பான். பிறகு கெஞ்சுவான். இரண்டும் பலிக்காவிட்டால் சத்தமில்லாமல் பின்பக்கம் சுற்றி வருவான்.

குசினியில் கண்ணாடி சிதறியது.

பின்கதவின் உடைந்த சட்டத்துக்குள்ளால் ஒரு கை நுழைந்தது. பெட்டி வெட்டும் கத்தியை இரண்டு விரலில் இடுக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் தாழ்ப்பாளைத் தடவியது. பெருவிரலடியில் ஒரு பழைய தழும்பு.

குசினிக்குள் ஓடி வந்த செல்வநாயகி தழும்பைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள்.

தாழ்ப்பாள் அசைந்தது. அலுமாரிக்குள்ளிருந்து நிருஜாவின் விம்மல் கேட்டது. கையும் அதைக் கேட்டது. வேகம் கூடியது.

செல்வநாயகி ஓவனைத் திறந்தாள்.

கமம்பேர் சூட்டில் இளகினால் போதும், அதுதான் பதம் என்பாள் மார்கரெட். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தப் பதம் ஆகாது. உள்ளுக்குள்ளும் ஆவி பறக்க வெந்தால்தான் கொடுக்கலாம் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். அதனால் இரண்டு வட்டத்தையும் கீறி, உள்ளிப்பூண்டும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் செருகி, மண்சட்டியில் கொதிக்க விட்டிருந்தாள்.

பழந்துணியால் சட்டியைத் தூக்கி வந்து அந்தக் கையின் மேல் கவிழ்த்தாள்.

கொதிநீர் என்றால் வழிந்து ஓடிவிடும். சீஸ் ஓடாது. பிடித்துக்கொண்டு எரியும்.

அலறல் இரண்டு தெரு தாண்டியிருக்கும். கத்தி தரையில் விழுந்தது. உதறி இழுத்த கையை உடைந்த கண்ணாடி மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழித்தது. கதவின் வெள்ளைப் பெயின்றில் சிவப்பும் மஞ்சளுமாக ஒழுகியது. கறிவேப்பிலை மணத்துக்கு மேலால் தோல் கருகிய மணம்.

கத்தியைக் காலால் அடுப்புக்குக் கீழே தள்ளினாள். ஒரு துவாயைக் குளிர்ந்த தண்ணீரில் பிழியாமல் நனைத்து, உடைந்த சட்டத்துக்குள்ளால் வெளியே போட்டாள். கதவைத் திறக்கவில்லை.

"சுத்திப் பிடி. சீஸைப் பிடிச்சு இழுக்காதை, தோலும் சேர்ந்து வரும்."

குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவன் விக்கி விக்கி அழுதான்.

தொலைபேசி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆள் யாரென்று தெரியுமா? பெயர் என்ன?

சொன்னாள்.

பிறந்த திகதி தெரிந்திருக்காது, பரவாயில்லை. வயது எத்தனை இருக்கும்?

செல்வநாயகி திகதியைச் சொன்னாள். விடியப்புறம் என்றாள். அன்றைக்கு நல்ல மழை என்றாள். யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து தெருவில் நடந்தபோது, முகம் தெரியாத ஒருத்தி கதவைத் திறந்து நோவோடு நின்ற தன்னை உள்ளே எடுத்தாள் என்றாள்.

மறுமுனை ஒன்றும் விளங்காமல் திகதியைத் திரும்பக் கேட்டது.

அதோடு அவளுடைய இங்கிலீஷ் தீர்ந்துபோயிற்று. மிச்சம் தமிழில்தான் வந்தது.

"பொலிஸ் மட்டும் காணாது. அம்புலன்சும் அனுப்புங்கோ. என்ர பிள்ளையின்ர கை வெந்துபோச்சு."