சாமி என்கிற சொல்

சௌந்திரம் டீச்சர் கரும்பலகையில் ‘சாமி’ என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நாமக்கல்லில் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி. தீண்டாமையைச் சண்டை வராமல் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் தலைப்பு. ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும்.

யார் மனதையும் புண்படுத்தக் கூடாது என்று பயிற்சியாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். ஏற்கெனவே புண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

தோட்டத்தில் வேலை செய்த கிழவர்கள்கூட முதலாளி வீட்டுக் கைக்குழந்தையை இப்படித்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்று சௌந்திரம் ஆரம்பித்தாள்.

எருமப்பட்டிப் பள்ளிக்கூடத்துக் கதிர்வேல் சார் கையைத் தூக்கினார். நல்ல மனிதர். மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து அவளுக்குக் கொள்ளுப் பருப்பு எடுத்து வைத்தவர்.

“ஏனுங்க டீச்சர், எங்கூட்டுல பெத்த புள்ளையவே சாமின்னுதானுங்க கூப்புடறோம். பாசத்துல சொல்றதுங்க அது. உங்கம்மா உங்களைக் கூப்புட்டதில்லீங்களா?”

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அம்மா சென்னம்மாள் தோட்டத்தில் களை வெட்டியவள். தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பையன் அவளுக்குச் சாமி. மகள் வெறும் ‘ஏ புள்ள’. என்னையும் சாமின்னு கூப்பிடும்மா என்று சின்ன வயதில் ஒருநாள் அடம்பிடித்தபோது, அம்மா பயந்துபோய் மகள் வாயைப் பொத்தியபடி வெளியே எட்டிப் பார்த்தாள்.

இதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பாடத்தை நானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தாள். இப்போது சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்தாள்.

“ஒருக்கா கூப்புட்டாங்க சார்.”

கதிர்வேல் முகம் மலர்ந்துவிட்டது. ஹால் முழுக்கக் கைதட்டல். இப்படித்தான் இணக்கமாகப் பேசி முடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் பாராட்டினார்.

சௌந்திரம் டஸ்டரை எடுத்து அந்தச் சொல்லை அழித்தாள். அழுகையை அடக்கிக்கொள்ளப் பலகைப் பக்கமே நின்றாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. கண் திறந்தவள், கஞ்சி போட்ட புடவையும் கண்ணாடியும் கைப்பையுமாகக் கட்டிலருகே நின்ற மகளைப் பார்த்துப் பதறினாள். கீழே இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினாள்.

“வாங்க சாமி. இதோ எந்திரிச்சுட்டேனுங்க.”