சிம் போடாத டெப்

"சிம் போடாத டெப் இருக்குதுங்களா, நானா?"

மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் மக்பூலின் போன் கடைக்குள் நனைந்த குடையோடு நுழைந்தார் பழனியாண்டி. வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்பவர். கூடவே அவருடைய எட்டு வயது மகள் தனுஷிகா.

"எல்லாரும் சிம் போடுறதத்தான் கேப்பாங்க. நீங்க போடாததக் கேக்குறீங்க. புள்ளட படிப்புக்கா?"

"இல்லங்க. இவ அம்மா நாகலெட்சுமி சவுதியில வீட்டு வேலைக்குப் போயிருக்கா. அந்த வீட்டுல போன் எடுத்துப் பேச விடமாட்டாங்க. குளிக்கிற ரூமுக்குள்ள நின்னு பேசி, வீடியோவாப் பதிஞ்சு அனுப்புவா. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புள்ளைக்குப் போட்டுக் காட்டுவேன்."

சொல்லும்போதே பழனியாண்டிக்குச் சிரிப்பு வந்தது.

"அவ 'சாப்பிட்டியாடி'ன்னு கேப்பா. இவ போனப் பாத்து, 'சாப்பிட்டேம்மா'ன்னு பதில் சொல்லும்."

அவர் மேசைமேல் வைத்த போனின் கண்ணாடி மூலைக்கு மூலை வெடித்திருந்தது.

"அம்மா மூஞ்சி ரெண்டாத் தெரியுது, நானா," என்றாள் தனுஷிகா. "பெருசாப் பாக்கணும்."

அதற்காகத்தான் இந்த வருடம் தீபாவளிக்குப் புதுத்துணியே வேண்டாம் என்று அப்பாவும் மகளும் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

மக்பூல் மூன்று அன்ட்ரொய்ட் டெப்லட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவர். வாங்க வந்தவர்களின் வீட்டு விஷயம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சார்ஜரைக்கூட விற்கமாட்டார்.

"இது எட்டு அங்குலம். கைக்கு அடக்கம். இது பத்து அங்குலம். ஆளு எதிர்ல நிக்கிற மாதிரி ஈக்கும். அடுத்தது கொஞ்சம் பழைய மொடல், அத விடுங்க."

"சார்ஜ் நிக்குமா, நானா? மழை வந்தா தோட்டத்து லயத்து வீட்டுல கரண்டு போயிடும்."

"ஒரு நாள் முழுக்கப் பாக்கலாம்."

பழனியாண்டி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வீடியோவைப் போடச் சொல்லிக் காதருகே வைத்துக் கேட்டார். குரல் கரகரக்கக் கூடாதாம். கடைசியில் பத்து அங்குலத்தையே எடுத்தார். தனுஷிகா அதன் திரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"நல்ல சாமான்," என்றார் மக்பூல். "ஆனா கேளு தம்பி, இதுலயே சிம் போடுறதும் ஈக்கு. கொஞ்சந்தான் கூட. அத எடுத்தா, சம்சாரம் வெளிய வாற நேரம் நேரா இதுக்கே கோல் எடுக்கலாம். புள்ளயும் உம்மாவோட ரெண்டு வார்த்த பேசும்."

"வேணாங்க."

"காசுக்கு யோசிக்கிறியா? நான் கொறச்சுத் தாறேன்."

"சிம் வேணாங்க, நானா."

மக்பூலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ என்ன மனுசன் தம்பி? வீட்டுக்கு வீடு வாசப்படிதான். புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் ஈக்கும். அதுக்குப் புள்ளயப் பெத்தவளோட பேச விடாம வைக்கிறதா?"

பழனியாண்டியின் முகம் கறுத்தது. "அங்க கவர் தொங்குது பாரு, புடிச்சத எடு," என்று மகளைக் கடையின் மறுமூலைக்கு அனுப்பிவிட்டு, மேசைமேல் குனிந்தார்.

"அவ செத்துப் பதினோரு மாசமாச்சு, நானா. மூளையில ரத்தம் கட்டிடுச்சுன்னாங்க. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. புள்ளைகிட்ட சொல்லிடலாம்னு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாயத் தொறப்பேன். வார்த்த வராது. பழைய வீடியோவ எடுத்து, புதுசா வந்திருக்குன்னு போட்டுருவேன். வெடிச்ச போன்ல பேச முடியாதுன்னு இப்ப சமாளிக்கிறேன். இதுல சிம் இருந்தா, 'அம்மாவுக்குக் கோல் எடுங்கப்பா'ன்னு கேக்கும். நான் யாருக்கு எடுப்பேன்?"

மக்பூல் நாக்கைக் கடித்துக்கொண்டார். இருபது வருட வியாபாரத்தில் தன் வாய்மீது அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"மன்னிச்சிரு தம்பி," என்றார்.

"போன்ல இருக்கிற அவ வீடியோ எல்லாத்தையும் இதுல ஏத்திக் குடுங்க. நான் பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வந்துடுறேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே இறங்கிப் போனார் பழனியாண்டி.

மக்பூல் போனையும் டெப்பையும் வயரால் இணைத்தார். நாற்பத்து மூன்று வீடியோக்கள். ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே குளியலறைச் சுவர், ஒரே பெண், ஒரே சிரிப்பு.

தனுஷிகா ஊதா நிறக் கவர் ஒன்றோடு வந்து நின்றாள். மக்பூல் அவசரமாகச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"இனி உம்மாவப் பெருசாப் பாக்கலாம், மகள்."

அவள் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, அப்பா வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலில் ஏறி மேசைக்குமேல் எட்டினாள்.

"நானா, வீடியோவுக்குக் கீழ தேதி விழுதே, அதத் தெரியாம மறைச்சுக் குடுக்க முடியுமா?"

"ஏன் மகள்?"

"புதுசுன்னு அப்பா போடுறதெல்லாம் போன வருசத் தேதி. இதுல இன்னும் பெருசாத் தெரியும். நான் அத வாசிச்சிட்டேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்புறம், அம்மா செத்துட்டாங்கன்னு அவரு எங்கிட்ட சொல்ல வேண்டி வந்துடும். அவரால அதச் சொல்ல முடியாது, நானா."