ஒற்றை ஆள் சமையல்

"அற்புதசாமி, உன் சைட்டைத் திறந்தா 'விரைவில் வருகிறோம்'னு ஒரே ஒரு வரிதான்டா வருது. சமையலும் காணோம், ஒண்ணும் காணோம்."

போனில் டோமினிக் சொன்னதும் அற்புதசாமிக்குச் சுருக்கென்றது. டோமினிக் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவன். ரிட்டயரானதும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டான்.

"உனக்குத் திறக்கத் தெரியலடா. கம்ப்யூட்டர் கிளாஸ் டீச்சர் என் போன்ல போட்டுக் குடுத்த லிங்க்ல ஜம்முனு வருது. கமென்ட்டே வருது, தெரியுமா?"

"அடேங்கப்பா! யாருகிட்டேருந்து?"

"கொள்ளிடம்ங்கிற பேர்ல ஒரு வாசகர். ஒருநாள் விடாம எழுதுறாரு. நானும் பதில் போடுறேன்."

மனைவி போய்ச் சேர்ந்தபின் பாலக்கரை வீட்டில் தன் ஒருவனுக்காக உலை வைக்கப் பழகியதைத்தான் அவர் எழுதிவந்தார். 'நீங்கள் சொன்ன அளவில் குழம்பு வைத்தேன் ஐயா. மிஞ்சவில்லை. தனியாகச் சாப்பிட்ட மாதிரியும் இல்லை' என்று கொள்ளிடம் எழுதிய அன்று, மனுஷர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அந்த ஆளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைக்குக் கூப்பிட ஆசை. கேட்கத்தான் கூச்சம்.

ஆனாலும் டோமினிக் பொய் சொல்கிற ஆள் இல்லை. மலைக்கோட்டைப் பக்கம் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நேராகப் போனார். வகுப்பு முடிந்து டீச்சர் அனிஷா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் கறாரான பெண். ஸ்ரீரங்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாக ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் சொந்தக் கதை பேசியதில்லை.

"மேடம், என் சைட் லைவ்ல இல்லைன்னு சிநேகிதன் சொல்றான். நான் எதையும் தொடலைங்க. நீங்க சொன்னபடி டெஸ்ட் சைட்லதான் எழுதுறேன். நீங்க பாத்துட்டு லைவ்ல ஏத்துறீங்க. அதானே முறை?"

"அதான் சார் முறை. நேரா லைவ்ல கை வெச்சா, நம்ம தப்பு ஊருக்கே தெரிஞ்சிடும். டெஸ்ட் சைட்ல என்ன பண்ணாலும் வெளியே தெரியாது."

"அப்ப ஏத்துறதுலதான் எங்கயோ கோளாறு. கொஞ்சம் பாருங்களேன். எனக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு வாசகர். அவரையும் விட்டுட்டா நான் யாருக்கு எழுதுறது?"

அனிஷா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"கோளாறு இல்ல சார். நான்தான் ஏத்தல. ஒண்ணுகூட ஏத்தல."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா? அவ்வளவு மோசமாவா எழுதுறேன்?"

"ரொம்ப நல்லா எழுதுறீங்க சார். அதான் பயம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒண்ணுமே ஏத்தலைன்னா கொள்ளிடம் எங்க போய்ப் படிச்சாரு?"

அனிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டெஸ்ட் சைட்டை உங்களையும் என்னையும் தவிர வேற யாரும் பாக்க முடியாது சார்," என்றாள். "லைவ்ல ஏத்தினா நூறு பேர் எழுதுவாங்க. அப்புறம் எனக்கு எங்க பதில் போடப் போறீங்க?"