எதையும் அழிக்காதவர்

“இருக்காது மாமா. யார்கிட்டயும் இருக்காதுன்னு தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

எவெலியோவுக்குச் சுருக்கென்றது. “நில்லும்மா. இருக்காதுன்னு யார் சொன்னது?”

“மூலைவீட்டுல படம் காப்பி போடறாரே, ரிகோபெர்த்தோ, அவர்தான். இருபது வருஷத்துக்கு முந்தின உள்ளூர் டிவி பாட்டுப் போட்டியை எந்தப் பைத்தியம் வச்சிருக்கும்னு சிரிச்சார்.”

“அவனா? போன வாரத்துப் படத்தைக் கேட்டாலே முழிப்பான். நீ உள்ளே வா!”

கமகுவேய் நகரத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஹவானாவிலிருந்து வாரப் பொட்டலம் வந்துவிடும். ஒரே ஹார்டு டிஸ்கில் அந்த வாரத்துப் படம், சீரியல், பாட்டு எல்லாம் இருக்கும். வீட்டுக்கு வீடு காப்பி ஆகும். புதுசுக்கு இடம் வேண்டுமே என்று பழசை அழித்துவிடுவதுதான் ஊர் வழக்கம். எவெலியோ மட்டும் எதையும் அழித்ததில்லை. விசிஆர் காலத்தில் டிவியிலிருந்து பதிவு செய்ததைக்கூடக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். கேட்டவர்களுக்குக் காப்பி போட்டும் கொடுப்பார். ஆனால் அவர் வீட்டு ஜன்னலில் தொங்கிய பலகை ‘போன் ரிப்பேர்’. உரிமமும் அதற்கு மட்டும்தான்.

சமையலறையில் நெரெய்தா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? நேத்து பின்தெருவுல ஒரு மீசைக்காரன் மோட்டார் சைக்கிள்ல சோதனைக்கு வந்து, டிஸ்க்கையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டானாம்!”

“வந்தவன் மீசைக்காரன்னு நீதானே சொன்னே? இது பாட்டுக் கேட்டு வந்த பொண்ணு. ரிகோபெர்த்தோ சிரிச்சானாம்டி! விட்டுட முடியுமா?”

ஓடாத பழைய ஃப்ரிட்ஜைத் திறந்தார். பால் வைக்கும் தட்டில், காலுறைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, ஏழு டிஸ்க்.

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல முட்டையைத் தவிர எல்லாம் இருக்கும்மா” என்றாள் நெரெய்தா அந்தப் பெண்ணிடம். “உன் பேரென்ன?”

“யுனெய்சி, அத்தை. நான் டிவியில பாடினேன்னு சொன்னா என் பொண்ணு நம்பவே மாட்டேங்கிறா. ஒன்பது வயசுல அரையிறுதி வரைக்கும் போனேன். நடுவுல வரி மறந்துபோச்சு.”

“எந்த மாசம்?” என்றார் எவெலியோ.

“மழைக்காலம். அது மட்டும்தான் தெரியும்.”

“போதும்.”

ரெண்டே நிமிடம். திரையில் மஞ்சள் கவுனும் விழுந்த முன்பல்லுமாக ஒரு சிறுமி வந்து நின்றாள். பாடினாள். பாதியில் நின்றாள். கூரையைப் பார்த்தாள். கோபமாகத் தரையில் ஒரு மிதி மிதித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி பாடினாள். அரங்கமே எழுந்து கை தட்டியது.

யுனெய்சி அழுதுவிட்டாள். “கை தட்டினது எனக்கு ஞாபகமே இல்ல மாமா. மறந்ததுதான் ஞாபகம் இருந்துச்சு.”

எவெலியோவுக்கு நெஞ்சு விம்மியது. “டிவி ஸ்டேஷன்லயே இது கிடையாது, தெரியுமா? மழைத்தண்ணி இறங்கி டேப்பெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. இந்த ஊர்ல இது ஒருத்தன்கிட்டதான் இருக்கு!”

“எல்லாமே இங்கேதான் இருக்கா மாமா?”

“எல்லாமே! இந்த ஏழுலதான். வேற பிரதி கிடையாது. இது போச்சுன்னா என் உயிரே போச்சு!”

பாட்டை அவளுடைய பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த நேரம், தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நெரெய்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, மீசைக்காரன்! எதிர்வீட்டு வாசல்ல நிக்கிறான்!”

எவெலியோ டிஸ்க்குகளை அள்ளினார். ஃப்ரிட்ஜுக்கு ஓடினார், கட்டிலுக்கு ஓடினார், எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றார். இத்தனை நேரம் இருந்த வீராப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“என்கிட்ட குடுங்க” என்றாள் யுனெய்சி. “போன் ரிப்பேருக்கு வந்தவ மடியில இருக்கறதை யார் பார்க்கப் போறா?”

நெரெய்தாவின் மார்க்கெட் பைக்குள் ஏழு டிஸ்க்கும் போயின. அவற்றின் மேல் நாலு மரவள்ளிக்கிழங்கு. பையை மடியில் வைத்துக்கொண்டு யுனெய்சி நாற்காலியில் அமர்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது. மீசைக்காரன் உள்ளே வந்தான். எவெலியோவை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“எதிர்வரிசை முடிஞ்சுது இன்ஸ்பெக்டர் மேடம்” என்றான் யுனெய்சியிடம். “இங்க என்னாச்சு? பழைய பதிவெல்லாம் காப்பி போட்டுக் குடுக்கறார்னு ரிகோபெர்த்தோ எழுதிக் குடுத்த புகார் நிஜந்தானா?”

எவெலியோவின் பார்வை அவள் மடியிலிருந்த பைக்குப் போனது.

யுனெய்சி எழுந்து பையை நெரெய்தாவிடம் நீட்டினாள். “இந்தாங்க அத்தை, உங்க கிழங்கு. பத்திரம்.” பிறகு தன் தோள்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எழுதி, வாய்விட்டுப் படித்தாள்: “போன் ரிப்பேர் மட்டுமே நடக்கிறது. பழைய பதிவு என்று சொல்லும்படி இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.”

“என்னது, ஒண்ணுகூட இல்லையா? என்கிட்டயா?” என்று எகிறிய எவெலியோவின் வாயை நெரெய்தா பாய்ந்து பொத்தினாள்.