கால் துள்ளினால்

"அந்தக் கசப்புத் தண்ணிய எங்க வீட்டுப் புள்ளைக்கு இனி ஒரு சொட்டு ஏத்தப்படாது, சிஸ்டர்" என்றார் வெள்ளத்துரை அண்ணாச்சி, கடலைமிட்டாயை மென்றுகொண்டே.

கட்டிலில் கிடந்தது அவருடைய மருமகள் சந்தனச்செல்வி. முந்தின நாள் மாலை, நிறைமாத வயிற்றோடு வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் ரத்தமாகத் தூக்கி வந்தார்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுத்தான் வலிப்பை நிறுத்தினோம். காலையில் ஆண் பிள்ளை பிறந்தது.

பிரசவம் முடிந்தாலும் ஒரு நாள் முழுக்க, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்த ஊசியை இடுப்பில் போட வேண்டும். விட்டால் வலிப்பு திரும்பலாம். திரும்பினால் ஆள் பிழைப்பது நிச்சயமில்லை.

பகல் பன்னிரண்டு மணி ஊசியோடு நான் நிற்கிறேன். அண்ணாச்சி கட்டிலை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

மருந்தின் பெயரைக் கேட்டார். சொல்லித் தொலைத்தேன். அது என் தப்பு.

அவருக்கு முள்ளக்காட்டில் நாற்பது ஏக்கர் உப்பளம். மெக்னீசியத்தோடு அவருக்கு ஆயுசுப் பகை. உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் இருப்பது அதுதானாம். அது கலந்தால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் மூட்டையிலேயே நசநசக்கும், வாங்கினவன் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவான். வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு விரட்டுகிற சனியனை மருமகள் உடம்பில் ஏற்றுகிறோம் என்று அவருக்கு ஆத்திரம்.

உப்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி. மனுஷ உடம்பைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய நெஞ்சு ஒழுங்காக அடிப்பதற்கும், கைகால் சொன்னபடி கேட்பதற்கும் அதே மெக்னீசியம் வேண்டும். வாயில் அரைபடுகிற கடலையிலேயே அது இருக்கிறது.

இதைச் சொன்னேன். இன்னொரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டில் நின்றவள் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

"அதான் பேரன் பொறந்துட்டாம்லா, இனி எதுக்கு?" என்றார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. மூட்டை இறக்கியாயிற்று, இனி வண்டி எப்படிப் போனால் என்ன என்கிற கணக்கு.

டாக்டர் தியேட்டரில் இருந்தார். மகன் சுடலைராஜ் ஜன்னலோரம் நின்று பிள்ளையின் போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தான். நேற்று இவளைத் தூக்கி வரும்போது ஓவென்று அழுதவன்தான். அப்பா வந்ததும் வாயைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டான்.

அவளையே கேட்போமே என்றேன். அவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்.

அவள் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். கடிபட்ட நாக்கு வீங்கிப்போய்ப் பேச்சு வரவில்லை.

வேறு வழியில்லாமல் எங்கள் முறையை விளக்கினேன். மூச்சையும் மூத்திரத்தையும் பார்த்தாயிற்று. இனி முழங்காலில் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன ரப்பர் சுத்தியல் வைத்திருப்பேன். கால் துள்ளினால் ஊசி போடலாம். துள்ளாவிட்டால் மருந்து உடம்பில் கூடிவிட்டது என்று அர்த்தம், போடக் கூடாது.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

"எங்க, துள்ளுதான்னு நானே பாக்கேன். துள்ளலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா."

இடது கையை அவள் முழங்காலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். அண்ணாச்சி குனிந்தார். உப்பு மணியைச் சோதிக்கிற பழக்கம், எதையும் மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துத்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

கால் துள்ளியது.

பாதம் அவர் தாடையில் பட்ட சத்தம் அடுத்த கட்டில்வரை கேட்டது. கடலைமிட்டாய் தரையில் சிதறியது. அண்ணாச்சி பின்னுக்குத் தள்ளாடிப் போய் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். பல்லெல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் எண்ணிப் பார்த்தார்.

"துள்ளிட்டு, அண்ணாச்சி" என்றேன்.

நாற்பது ஏக்கர்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். சுடலைராஜ் பெண்டாட்டியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பிறகு அப்பா பின்னாலேயே போனான்.

கதவைச் சாத்தினேன்.

அதற்கப்புறம்தான் பையில் கிடந்த சுத்தியலை வெளியே எடுத்து, அவள் முழங்காலில் தட்டினேன்.

கால் லேசாக அசைந்தது. அந்த மருந்து ஏறியவர்களுக்கு அதற்குமேல் அசையாது. அது போதும்.

ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சந்தனச்செல்வி அதற்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.