ஜன்னலில் ஒரு குளவிக்கூடு

மாடியில் தேனீப்பெட்டி வைத்திருக்கும் சேட்டு, ஜன்னலில் இருந்த குளவியின் மண்கூட்டைத் தட்டப் போனார். மனைவி பாஞ்சாலி தடுத்தாள்.

"ஒடைக்காதீங்க. குளவி கூடு கட்டினா வூட்ல கொழந்த பொறக்கும். நம்ம செல்விக்கு முன்னாடியும் கட்டிச்சே."

"அறுபது வயசுலயா? தேனீ தன் குஞ்சுக்குக் கூடவே இருந்து ஊட்டும். இது ஒரு புழு மேல முட்டைய வச்சி, மண்ணால மூடிட்டுப் போயிடும். திரும்பிப் பாக்காது."

"நீங்களும் செல்விய மண்ணுல மூடிட்டுத்தானே வந்தீங்க?"

சேட்டு கையை எடுத்துவிட்டார்.

ஆடிக் கிருத்திகையன்று மலைக்குக் கிளம்பும்போது கூட்டில் ஓட்டை விழுந்திருந்தது. கீழே ஒரு வெள்ளிக் கொலுசு மணி கிடந்தது. ஐந்து வயதில், போட்டிருந்த கொலுசோடுதான் செல்வியைப் புதைத்தார்கள்.

பாஞ்சாலி அதைக் குலுக்கினாள். பழைய சத்தம் அப்படியே இருந்தது.

ஈரமண்ணோடு குளவி மறுபடி வந்தது. சேட்டு ஜன்னலை அகலமாகத் திறந்துவிட்டார்.