எலி நிறம்

கப்பலேறி ஜப்பானுக்கு வந்த சுண்டெலி ஒன்று, துணிக்குச் சாயம் போடும் கடையில் குடியேறியது. முற்றத்துக் குருவியிடம் பேச்சுக் கொடுத்து, நிறங்களின் பழைய பெயர்களைக் கற்றுக்கொண்டது. ‘சகுரா இரோ’ என்றால் செர்ரிப் பூ நிறம். ‘கிட்சுனே இரோ’ என்றால் நரி நிறம்.

“நரிக்குக்கூடவா! நம்மை யார் நினைக்கப்போகிறார்கள்?” என்று எலி முகம் வாடியது.

“சாம்பல் நிறத்துக்கு இங்கே ‘நெசுமி இரோ’ என்று பெயர். எலி நிறம் என்று அர்த்தம்” என்றது குருவி.

எலி துள்ளிக் குதித்தது. மழை மேகம், பாறை, அடுப்புச் சாம்பல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி, “என் நிறம்! என் நிறம்!” என்று கூவிக்கொண்டே ஓடியது. சத்தம் கேட்டு ஒரு சாம்பல் பூனை பாய்ந்து வந்தது. எலி சட்டென்று பொந்துக்குள் நுழைந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டியது.

“அண்ணே, நீங்களும் எலி நிறம்தான்!”

பூனை அப்படியே நின்று, தன் வாலைத் திரும்பிப் பார்த்தது.